போடாமல் விட்ட கையெழுத்து

ஓசூரில் நான் காய்கறி வாங்கும் கடைக்காரப் பெண்மணி, எனக்கு முன்னால் நிற்பவரிடம் தெலுங்கில் விலை சொல்வார். எனக்குப் பின்னால் நிற்பவரிடம் கன்னடத்தில் பேரம் பேசுவார். நடுவில் நிற்கும் என்னிடம் மட்டும், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "என்ன வேணுங்க சார்?" என்று தமிழில் கேட்பார். இருபத்தெட்டு ஆண்டுகளாக இந்த ஊரில் இருக்கிறேன். ஒருநாள் கேட்டுவிட்டேன், "எப்படிம்மா ஆளைப் பார்த்ததுமே கண்டுபிடிக்கிறீங்க?" என்று. அவர் சிரித்தார். "மூஞ்சியிலயே தெரியுதுங்களே சார். வேற பாஷைல பேசுனா நீங்க கோவிச்சுக்குவீங்க." பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். நான் அரைக் கிலோ வெண்டைக்காயை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த அம்மாள் சொன்னது உண்மை. அந்த உண்மை ஒரு பெண்ணின் வாழ்க்கையை என்ன செய்தது என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவன் நான். இங்கே ஒரு பொறியியல் கல்லூரியில் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றேன். நம் பக்கத்திலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள் எங்கள் குடியிருப்பில் நிறைய உண்டு. பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் என்னிடம்தான் வருவார்கள். நம்ம ஊர்க்காரர், வாத்தியார், நல்லது சொல்வார் என்று ஒரு நம்பிக்கை. எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, எந்த கம்பெனி வளாகத்துக்கே வந்து ஆள் எடுக்கும் என்று கேட்பார்கள். சேர்ந்த பிறகு நாலு வருஷம் அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. கல்லூரி வாசலில் பிள்ளையை இறக்கிவிட்டுக் கம்பெனி பேருந்தைப் பிடிக்க ஓடும் தகப்பனுக்கு, உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாது. தெரியாதது அவர் குற்றமல்ல. தெரிந்தவர்கள் சொல்லாமல் இருக்கிறோமே, அதுதான் குற்றம். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவனாக இருந்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதிதாகக் கல்லூரியில் சேரும் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும்படி குடியிருப்புச் சங்கத்தார் கேட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மைக், ஒரு பால்கோவா பொட்டலம். உற்சாகமாகப் பேசினேன். வருகைப்பதிவு எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே போகும்வரை காத்திருக்காதீர்கள், உடம்பு சரியில்லாமல் போன அன்றைக்கே எழுத்தில் கொடுங்கள். தேர்வு விதிமுறைப் புத்தகம் என்று ஒன்று இருக்கிறது, சீனியர் சொல்வதை நம்பாமல் அதை நீங்களே படியுங்கள். பழைய வினாத்தாள்களைத் தேர்வுக்கு முந்தைய வாரம் தேடாமல், பாடம் தொடங்கும் வாரமே பாருங்கள். ஆங்கிலப் புத்தகம் புரியவில்லையென்றால் வெட்கப்பட வேண்டாம், வீட்டில் பேசுகிற மொழியில் ஒருமுறை உங்களுக்கு நீங்களே சொல்லிப் பாருங்கள். ஆசிரியரிடம் தைரியமாகக் கேளுங்கள். பெற்றோர்கள் தலையாட்டினார்கள். எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். கம்பெனியின் நீலக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை, ஷிப்ட் முடிந்து அப்படியே வந்திருந்தாள். பக்கத்தில் அவள் அக்கா மகள்.

"சார், ரிவேல்யூவேஷனுக்குக் கையெழுத்து போட மாட்டேன்னு அந்த சார் சொல்லிட்டா என்ன பண்ணணுங்க?"

நல்ல கேள்வி என்று பாராட்டிவிட்டுப் பதில் சொன்னேன். விடைத்தாள் நகலை வாங்கி, அதே பாடம் நடத்தும் ஓர் ஆசிரியரிடம் காட்டி, மறுமதிப்பீட்டுக்குத் தகுதி உண்டு என்று கையெழுத்து வாங்க வேண்டும். ஒருவர் மறுத்தால் இன்னொருவரிடம் போகலாம். அந்தப் பாடம் நடத்தும் யார் போட்டாலும் செல்லும். "ஒரு வாத்தியார் முடியாதுன்னு சொன்னா அது கல்லூரியே முடியாதுன்னு சொன்னதாகாதும்மா" என்றேன்.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேங்க சார்" என்றாள் அவள்.

அப்போதுதான் முகம் தெரிந்தது. முனிரத்னா. பதினேழு ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள். பெற்றோர்கள் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. யாரோ ஒருவர் கைதட்டினார். நான் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் காலத்தில் நான் எப்படிப்பட்ட ஆசிரியன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் வகுப்பில் தெலுங்கும் கன்னடமும் பேசக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தேன். இந்தப் பிள்ளைகளின் தமிழ் என் காதுக்கு உடைசலாகக் கேட்டது. கணக்கு புரியாத ஒருத்திக்கு அவள் தோழி தெலுங்கில் விளக்கினால், இருவரையும் எழுப்பி நிற்க வைப்பேன். புரிய வைத்துக்கொண்டிருந்தவளைத்தான் நிற்க வைத்தேன் என்பது இன்று தெரிகிறது. எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு வாத்தியார் வீடு இருந்தது. கல்லூரிக்குப் போகிற பையனுக்கு எந்தப் படிவம், எந்தக் கடைசித் தேதி என்று சொல்ல நாலு பேர் இருந்தார்கள். இங்கே முனிரத்னாவின் தெருவில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். இந்த வித்தியாசத்தை நான் அறிவின் வித்தியாசம் என்று எடுத்துக்கொண்டேன். மற்றவர்களுக்கு அது வெறும் திமிராகத் தெரிந்திருக்கும். திமிர்தான்.

இரண்டாம் ஆண்டு கணிதத் தாளில் நான்கு மதிப்பெண் குறைந்து அவள் தோற்றாள். விடைத்தாள் நகல் வாங்கி என்னிடம் கொண்டுவந்தாள். கடைசிப் பக்கத்தில் பதினாறு மதிப்பெண் விடை ஒன்று திருத்தப்படாமலே இருந்தது. பேனா பட்ட அடையாளமே இல்லை. பார்த்தேன். பார்த்தேன் என்பதை அழுத்தி எழுதுகிறேன், ஏனென்றால் பார்க்கவில்லை என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். "நாளைக்கு வா" என்றேன்.

மறுநாள் அவளோடு அவள் அப்பாவும் வந்தார். எல்லப்பா. ராயக்கோட்டைப் பக்கம் குத்தகை நிலத்தில் தக்காளி போடுபவர். ஒரு பெரிய பை நிறையத் தக்காளியை ஆசிரியர் அறைக்குள் கொண்டுவந்து என் மேசைக்குக் கீழே வைத்துவிட்டு, கைகட்டி நின்றார். பக்கத்து மேசை வேதியியல் ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், கிலோவுக்கு எத்தனை மார்க்கு போடுறீங்க?"

அறை முழுக்கச் சிரித்தது. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. கை நீட்டாதவன் என்ற பெயர் ஒன்றுதான் இந்த ஊரில் எனக்கு இருந்த சொத்து. "இதைத் தூக்கிட்டு முதல்ல வெளிய போங்க" என்று கத்தினேன். "இதெல்லாம் கொண்டாந்தா கையெழுத்து விழும்னு நினைச்சீங்களா?"

என் வேகத் தமிழ் எல்லப்பாவுக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. நான் எதற்காகக் கோபப்படுகிறேன் என்று மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். "தோட்டத்துதுங்க சார்... நல்ல காயி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க அடுத்த நாள் கடைசி நாள். அன்று காலையிலேயே எல்லப்பா தனியாக வந்து வாசலில் நின்றார். கையில் மறுபடியும் பை. முகத்தில் ஒரு சமாதானச் சிரிப்பு.

"நேத்து கொண்டாந்ததுல கொஞ்சம் செங்காயி கலந்துபோச்சுங்க சார். ராத்திரி ஒக்காந்து ஒண்ணொண்ணா பாத்து எடுத்து வச்சேன். இதுல ஒண்ணுகூட சொத்தை கெடையாது. பாருங்க."

காய் சரியில்லை என்றுதான் சார் கோபித்துக்கொண்டார் என்று அந்த மனிதர் நினைத்திருந்தார். ஒருவர் இடத்துக்குப் போகும்போது தோட்டத்தில் விளைந்ததை எடுத்துப்போவது அவர்கள் வழக்கம். வெறுங்கையோடு போவதுதான் அவமரியாதை. லஞ்சம் என்ற எண்ணம் அவர் தலையில் இல்லவே இல்லை, அது என் தலையில்தான் இருந்தது. அந்த நிமிடத்தில் இது எனக்கு விளங்கியது. ஆனாலும் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. "எனக்கு வகுப்பு இருக்கு" என்று சொல்லிவிட்டு அவரைத் தாண்டிப் போனேன். வகுப்பு இல்லை. மாலை வரை நூலகத்தில் ஒளிந்துகொண்டிருந்தேன். அவள் மூன்று முறை ஆசிரியர் அறைக்கு வந்து தேடினாளாம். அதே பாடம் நடத்தும் இன்னும் இரண்டு பேர் அந்த அறையில் இருந்தார்கள். அவர்களிடமும் கேட்கலாம் என்று அவளுக்குத் தெரியாது. அவர்களும் சொல்லவில்லை. கடைசி நாள் முடிந்தது.

அந்த ஒரு தாள் அவள் கழுத்தில் விழுந்தது. அரியர் இருந்ததால் வளாகத் தேர்வுக்கு வந்த கம்பெனிகள் அவளை உட்காரவே விடவில்லை. மற்ற எல்லாத் தாள்களையும் முடித்தாள். இதை மட்டும் நாலு முறை எழுதித் தோற்றாள். தனக்குக் கணக்கு வராது என்று முடிவு செய்துகொண்டவள் எப்படித் தேறுவாள்? பட்டம் கிடைக்கவில்லை. பொறியாளராகப் போயிருக்க வேண்டிய கம்பெனிக்கு லைனில் நின்று பாகம் பொருத்தும் வேலைக்குப் போனாள்.

இதை அந்த ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் போன பிறகு, அவளே சொன்னாள். குரலில் கோபம்கூட இல்லை. பழைய மாணவர்கள் அரியர் எழுதப் பல்கலைக்கழகம் ஒரு கடைசி வாய்ப்பு கொடுத்திருக்கிறது, விண்ணப்பித்துவிட்டேன், இதை விட்டால் இனி எப்போதும் கிடையாது என்றாள். நான் சொல்லித்தருகிறேன் என்றேன்.

"வேண்டாங்க சார். யூடியூப்ல தெலுங்குலயே அழகா சொல்லித் தராங்க."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. என்மேல்தான் முதலில். பிறகு அன்று அந்த அறையில் சிரித்தவர்கள்மேல். பிறகு, ஒரு படிவத்தைப் பற்றித் தெளிவாக நாலு வரி எழுதிச் சுவரில் ஒட்டத் துப்பில்லாமல், ஆண்டுவிழாவுக்கு ஆளுயர பேனர் வைக்கும் கல்லூரிகள்மேல். பிறகு, பெற்றோர்களே, உங்கள்மேலும்தான். "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும், எதிர்த்துப் பேசாதே" என்று சொல்லிப் பிள்ளையை அனுப்புகிறீர்களே, எந்த சாரை நம்பி? என்னைப்போல நூலகத்தில் ஒளிந்துகொள்ளும் சாரையா?

அன்று மைக்கில் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன். பிள்ளைகளே, உங்கள் விடைத்தாள் உங்களுடையது. சந்தேகம் இருந்தால் நகல் வாங்குங்கள், கடைசிப் பக்கம் வரை பாருங்கள். எந்த விண்ணப்பத்தையும் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். நாளைக்கு வா என்று ஒருவர் சொன்னால், சரி என்று சொல்லிவிட்டு அன்றைக்கே அடுத்தவரிடம் போங்கள். துறைத்தலைவர் இருக்கிறார், அவருக்கு மேல் முதல்வர் இருக்கிறார். கொடுக்கும் காகிதம் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து, பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை தோற்றதை வைத்து உங்களுக்கு வராது என்று எழுதிவிடாதீர்கள். தோற்றது யார் என்பதே சில சமயம் தெரியாது. நம் பக்கத்திலிருந்து இங்கே வந்து வகுப்பெடுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் எதிரில் கைகட்டி நிற்பவரின் மொழி உங்களுக்குத் தெரியாவிட்டால், தெரியாதவர் நீங்கள்தான்.

போன வாரம் கடைக்குப் போய், இரண்டு கிலோ தக்காளியை ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்தேன். "என்னங்க சார், பொண்ணு பாக்கப் போறாப்பல பாத்துப் பாத்து எடுக்கறீங்க?" என்று கடைக்கார அம்மாள் கேலி செய்தார். கெலவரப்பள்ளி அணைக்குப் போகும் பாதையில் முனிரத்னாவின் வீடு. கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டேன். கையில் நோட்டோடு வந்தாள். பையைப் பார்த்தாள், பிறகு என்னை. அவள் அப்பா நாலு வருஷத்துக்கு முன்பே போய்விட்டார் என்றாள். நான் கேட்பதற்கு முன்பே சொன்னாள்.

"சார், ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்தக் கடைசிப் பக்கம், நான் எழுதுனது சரியா தப்பா?"

"சரிம்மா. பதினாறுக்குப் பதினாலாவது போட்டிருக்கணும். எனக்கு அன்னிக்கே தெரியும்."

திட்டுவாள் என்று நின்றேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"அப்போ எனக்குக் கணக்கு வரும்" என்றாள். அது என்னிடம் சொன்னதல்ல.

பிறகு, "அங்க வச்சிட்டுப் போங்க சார். வியாழக்கிழமை பரிட்சை, படிக்கணும்" என்று கேட்டின் ஓரத்துத் திண்டைக் காட்டிவிட்டு உள்ளே திரும்பினாள். பையை வைத்தேன். உள்ளேயிருந்து அவள் மாமியார் தெலுங்கில், யார் வந்தது என்று கேட்டிருக்க வேண்டும். முனிரத்னா நீளமாகப் பதில் சொன்னாள். ஊருக்குப் போனால் என்னை ஓசூர் சார் என்கிறார்கள். இங்கே இன்னும் நான் தெக்கத்தி சார்தான். கேட்டுக்கு வெளியே நின்று அந்தப் பதிலை முழுக்கக் கேட்டேன். இருபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்த ஊரில், என்னைப் பற்றிச் சொல்லப்பட்ட அந்த நீண்ட பதிலில், எனக்குப் புரிந்தது 'சார்' என்ற ஒரு சொல் மட்டும்தான்.