வஹீதா டீச்சரின் தப்புகள்

காவிரிப் பாலத்தில் பஸ் ஏறியதும் வஹீதா டீச்சர் தலை எண்ணத் தொடங்கிவிடுவார். ஆள்காட்டி விரல் மட்டும் மடியிலிருந்து லேசாக எழும்பி முன் சீட்டு, நடு சீட்டு, படிக்கட்டு என்று தாவும். உதடு அசையும். பாலம் இறங்குவதற்குள் எண்ணி முடித்தாக வேண்டும். படியில் தொங்குகிறவன் காலை உள்ளே இழுத்துக்கொண்டால்தான் அவருக்கு மூச்சே வரும். “தம்பி, உள்ள வாங்க. உள்ள வந்தவங்களுக்குத்தான் ஸ்டார்” என்பார். தொங்குகிறவன் மீசை வைத்த காலேஜ் பையன். ஆனாலும் மறுபேச்சில்லாமல் உள்ளே வந்துவிடுவான். கண்டக்டர் அரவிந்தன் ஒருநாள் கேட்டேவிட்டார்: “எனக்கு எப்ப டீச்சர் ஸ்டார்?” டீச்சர் அவர் கையைப் பார்த்தார். “நகம் வெட்டிட்டு வாங்க, பாக்கலாம்.”

வயது நாற்பத்திநாலு. வீடு பாலக்கரையில். வேலை ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் இருக்கும் சின்னச்சிட்டு நர்சரி பள்ளியில். பதினாறு வருஷமாக எல்.கே.ஜி. ‘பி’ பிரிவு. யூ.கே.ஜி.க்கு ஏற்றிவிடுகிறோம் என்று இரண்டு முறை சொன்னார்களாம். “ஃபெயில் பண்ணி இங்கயே வச்சிருங்க சார்” என்று மறுத்துவிட்டாராம். இதைச் சொன்னது அந்தப் பள்ளியின் ஆயா மயிலம்மாள். மயிலம்மாள் சொன்னால் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்க வேண்டும். தள்ளிய பாதியும் பிறகு நிஜமாக இருந்து தொலைக்கும், அதுதான் சங்கடம்.

யாரோடு பேசினாலும் டீச்சர் அவர் கண்ணுக்கு நேராகத் தன் கண்ணைக் கொண்டுவந்துவிடுவார். குழந்தை என்றால் குந்தி உட்கார்ந்துவிடுவார். இதில் தப்பில்லை. ஆனால் போன மாதம் ஒரு நிக்காஹ் வீட்டில், நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் சித்தப்பா முன்னால் பட்டுப் புடவையோடு பொத்தென்று குந்தி, “சொல்லுங்க, என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்டபோது சுற்றியிருந்தவர்களெல்லாம் பிரியாணியை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார்கள். கணவர் முகம்மது கனி, பெரிய கடைவீதியில் பை, சூட்கேஸ் வியாபாரம். அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். கூடவே வந்திருந்த மகள் மெஹ்ரீன்தான் தோளைப் பிடித்து எழுப்பினாள். “அம்மா, அவரு எல்.கே.ஜி. இல்லம்மா.”

“எல்லாரும் எல்.கே.ஜி.தான்” என்றார் டீச்சர். முழங்கால் சொடுக்கெடுத்தது.

அவருடைய பெரிய குறை, அல்லது தொழில் ரகசியம், எதையும் தப்பாகச் சொல்வது. வகுப்புக்குள் நுழைந்ததும் காலை ஒன்பதே காலுக்கு “குட் நைட் பிள்ளைங்களா” என்பார். வெண்டைக்காய் படத்தைக் காட்டி “இது முருங்கைக்காய்” என்பார். காக்கா மியாவ் என்று கத்தும் என்பார். உடனே இருபத்துச் சொச்சம் குரல்கள் கூரையைப் பிய்க்கும்: “தப்பு மிஸ்!” தப்பைச் சொன்னவர் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு ஒரு தோப்புக்கரணம் போட வேண்டும், அதுதான் வகுப்பின் சட்டம். ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து போட்டுவிடுவார். “நான் தனியா வாக்கிங் போறதில்லைங்க” என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

ஏன் இப்படி என்று ஒரு புது டீச்சர் கேட்டாள். வஹீதா டீச்சர் உடனே குதித்தெழுந்து பேச ஆரம்பித்துவிட்டார். இந்த விஷயம் என்றால் அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது.

“பெரியவங்க குழந்தைகிட்ட எப்பிடிப் பேசறாங்கன்னு கவனிச்சிருக்கியா? பேரு என்ன, என்ன படிக்கிற, சாப்பிட்டியா, ஏன் அழுவற. வெறும் கேள்வி! போலீஸ் ஸ்டேஷன்லகூட இவ்வளவு கேக்க மாட்டாங்க. அதான் புள்ளைங்க வாயைத் தொறக்கறதில்ல. நீ தப்பாச் சொல்லிப் பாரு. உலகத்துல எவனாலயும் சும்மா இருக்க முடியாது. எங்க வீட்டுக்காரராலயே முடியாது.”

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் தப்பு வராது. யானை வரையும்போது பச்சை யானை வரைவார், வாலை முன்னால் வைப்பார், ஐந்து கால் போடுவார். நெற்றி நாமத்தை மட்டும் மூக்குவரை இறங்கும் பாதத்தோடு ஸ்ரீரங்கத்து அளவில் சுத்தமாகப் போட்டுவிடுவார். “அது வெளையாட்டு சாமான் இல்ல” என்பார்.

நாலு மணிக்கு வீட்டுக்குப் போனால் பேச்சு கிடையாது. ஒரு டம்ளர் டீ, பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அரை மணி நேரம். பக்கத்து வீட்டு உஸாமா, மூன்று வயது, கிரில் கம்பி வழியாகக் கூப்பிட்டாலும், “டூட்டி முடிஞ்சிருச்சு ராஜா, நாளைக்கு வா” என்றுவிடுவார். ஞாயிற்றுக்கிழமை முக்கொம்பு அணைக்குப் போவார்கள். கனி மதகுப் பக்கம் நின்று தண்ணீர் எவ்வளவு திறந்திருக்கிறார்கள் என்று யாரிடமாவது வாதாடிக்கொண்டிருப்பார். டீச்சர் நேராகப் பூங்கா ஊஞ்சலுக்குப் போவார். ‘குழந்தைகளுக்கு மட்டும்’ என்று போர்டு தொங்கும். வாட்ச்மேன் நஸ்ருல்லா விசிலை ஊதிக்கொண்டு வருவார். “அம்மா, போர்டு பாக்கலியா?”

“நான் எல்.கே.ஜி. தாங்க. பதினாறு வருஷமா.”

நஸ்ருல்லா இப்போதெல்லாம் விசிலை வாயில் வைத்தபடி ஊதாமல் திரும்பிப் போய்விடுகிறார். டீச்சர் புடவையை முழங்காலுக்குக் கீழே இறுக்கிச் சொருகிக்கொண்டு, வேப்பமரக் கிளை எட்டும்வரை ஆடுவார். ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதே ஒரு ஆனந்தம்.

இந்த வருஷம் அந்த ஊஞ்சலிலும் மனம் ஒட்டவில்லை. காரணம் ஹ்ருஷிகேஷ்.

நாலு வயது. ஜூனில் சேர்ந்தான். அக்டோபர் முடியப்போகிறது, பள்ளிக்கூடத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. அழுகை இல்லை, அடம் இல்லை. கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு ஜட்ஜ் மாதிரி உட்கார்ந்திருப்பான். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது அவன் பேர் வந்ததும் டீச்சரே குரலைச் சின்னதாக்கி “ப்ரெசன்ட் மிஸ்” என்று அவனுக்காகச் சொல்லிவிட்டு அடுத்த பேருக்குப் போவார். ஒரு நாளும் அவனை எழுப்பி நிறுத்தியதில்லை. தப்புகளை மட்டும் அவன் பக்கமாகப் பார்த்துக் கூடுதலாகச் சொல்லிப் பார்ப்பார். காக்கா, வெண்டைக்காய், எதற்கும் அவன் அசைந்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை அவன் அம்மா வைஜயந்தி பள்ளிக்கு வந்தாள். வந்த வேகத்திலேயே தெரிந்தது, விஷயம் சின்னது இல்லை. கரஸ்பாண்டெண்ட் ஆசீர் சாரும் அறையிலிருந்து வெளியே வந்துவிட்டார்.

“டீச்சர், நீங்க காக்கா மியாவ்னு கத்தும்னு சொல்லித் தரேளாமே? யானைக்கு அஞ்சு காலாமே? குழந்தை ஆத்துக்கு வந்து சொல்றான். ‘மிஸ்ஸுக்கு ஒண்ணுமே தெரியலைம்மா, பாவம், நீ வந்து சொல்லிக் குடு’ங்கறான். இதுக்கா ஸ்கூலுக்கு அனுப்பறோம்?”

வேறு டீச்சராக இருந்தால் கையைப் பிசைந்திருப்பார். வஹீதா டீச்சர் அந்த இடத்திலேயே கை தட்டினார்.

“அப்படியா சொன்னான்? பாவம்னா சொன்னான்? என்ன வார்த்தையில சொன்னானோ அப்படியே இன்னொரு தடவை சொல்லுங்கம்மா!”

“நான் கம்ப்ளெய்ன்ட் பண்ண வந்திருக்கேன்” என்றாள் வைஜயந்தி, சந்தேகமாக.

“பண்ணுங்கம்மா, தாராளமாப் பண்ணுங்க! புள்ளை கேட்டுக்கிட்டுதான் இருக்கான் பாருங்க! வீட்ல நல்லாப் பேசுவானா?”

“வாயே ஓயாது. அவா அப்பா நெத்தியில திருமண் இட்டுக்கறச்சே இவன்தான் கண்ணாடியைப் பிடிச்சுப்பான். ‘அப்பா, இடப்பக்கம் கோணல்’ம்பான். ‘அழிச்சுட்டுப் போடுங்கோ’ம்பான். இங்கதான் வாயைத் தொறக்க மாட்டேங்கறான். இந்த மாசம் பாத்துட்டு வேற ஸ்கூல்ல சேத்துடலாம்னு அவர் சொல்லிட்டார்.”

டீச்சரின் முகம் அப்போதுதான் இறங்கியது. மாசம் முடிய ஒன்பது நாள்.

ஆசீர் சார் கெட்டவர் இல்லை. ஆறடி உயரம், கே.கே. நகர்க்காரர், இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. எல்.கே.ஜி.க்கு ஒரு பெரிய டி.வி. வாங்கி வைத்திருந்தார், அட்டைப் பெட்டிகூடப் பிரிக்கவில்லை. “டீச்சர், வியாழக்கிழமை நான் வந்து உக்காருவேன். இவங்களும் வெளிய இருந்து பாக்கட்டும். ஒரு தப்புகூட இருக்கக்கூடாது. இருந்தா, டி.வி. பாடம் எடுக்கும், நீங்க ஆபீஸ்ல அட்மிஷன் பாத்துக்கங்க” என்றார். பதினாறு வருஷக்காரரை இதற்குமேல் மரியாதையாக மிரட்ட முடியாது.

வியாழக்கிழமை வஹீதா டீச்சர் பஸ்ஸில் தலை எண்ணவில்லை. அரவிந்தன் வெட்டிய நகத்தைக் காட்டியும் கவனிக்கவில்லை.

“குட் மார்னிங் சில்ட்ரன்” என்று வகுப்புக்குள் போனார். பிள்ளைகள் திகைத்துப் போனார்கள். மார்னிங்கா? மூலையில் போட்ட நாற்காலியில் ஆசீர் சார். கதவுக்கு வெளியே வைஜயந்தி, பக்கத்தில் மயிலம்மாள். டீச்சர் வெண்டைக்காயை வெண்டைக்காய் என்றார். காக்கா கா கா என்று கத்தும் என்றார். இருபத்திமூன்று ஜோடிக் கண்களும் அவரையே பார்த்தன, ஒரு வாயும் திறக்கவில்லை. கடைசியில் முதல் வரிசை ரிஃபானா எழுந்தாள்.

“மிஸ், உங்களுக்குக் காய்ச்சலா?”

ஆசீர் சாருக்குப் பொறுக்கவில்லை. “என்ன டீச்சர், புள்ளைங்க இவ்வளவு டல்லா இருக்காங்க? நகருங்க, நான் ஒண்ணு காட்டறேன்” என்று எழுந்து கலர் சாக்பீஸ் டப்பாவை வாங்கினார். அவருக்குக் கொஞ்சம் படம் வரும், காலேஜில் பரிசு வாங்கியவர் என்று அவரே சொல்வார். கரும்பலகை முழுக்க ஒரு யானை வரைந்தார். சாம்பல் நிறம், நாலு கால், வால் வால் இருக்க வேண்டிய இடத்தில். உள்ளபடியே அழகான யானை. இரண்டடி பின்னால் வந்து பார்த்தார். திருப்தி போதவில்லை. “ஸ்ரீரங்கத்து யானைன்னா நாமம் இல்லாமலா?” என்று நெற்றியில் வெள்ளையாக ஒரு வளைவு போட்டார், நடுவில் சிவப்பாக ஒரு கோடு இழுத்தார். முடித்துவிட்டார். வளைவு புருவத்தோடு நின்றது, கீழே பாதம் இல்லை.

டீச்சர் பார்த்துவிட்டார். வாய் திறக்கப் போனார். திறக்கவில்லை. முதலாளியின் தப்பைச் சொல்வதா என்றா? இல்லை, வேறு யாராவது சொல்லட்டும் என்றா? அதை இன்றுவரை மயிலம்மாளிடம்கூடச் சொன்னதில்லை.

கடைசி வரிசையில் பெஞ்சு கிரீச்சிட்டது. ஹ்ருஷிகேஷ் கட்டிய கையை அவிழ்த்தான். எழுந்தான். பெஞ்சுகளுக்கு நடுவே நேராகக் கரும்பலகைவரை நடந்துபோய், ஆசீர் சாரின் முழங்காலுக்குப் பக்கத்தில் நின்று, அண்ணாந்து பார்த்தான்.

“பாதம் போடலை” என்றான். தெளிவான, கனமான குரல். “திருமண்ணுக்குப் பாதம் உண்டு. தப்பு.”

ஒரு நொடி. அவ்வளவுதான். அப்புறம் கூரை பிய்ந்தது. “தப்பு சார்! தப்பு சார்!” ரிஃபானா பெஞ்சு மேலேயே ஏறிவிட்டாள். சார் விளையாட்டுக்கு வந்துவிட்டார் என்று ஆளாளுக்குக் குதித்தார்கள். வெளியே வைஜயந்தி, “அவன் குரல்! அவன் குரல்!” என்று மயிலம்மாளின் கையைப் பிடித்ததில் நகம் பதிந்துவிட்டது. அந்தத் தழும்பை மயிலம்மாள் இன்றும் கேட்காமலேயே முழங்கையை மடக்கிக் காட்டுவாள். இந்தப் பாதியைத் தள்ள வேண்டாம்.

“என்ன டீச்சர் இது?” என்றார் ஆசீர் சார்.

“சார், வகுப்புச் சட்டம்” என்றார் டீச்சர். “தப்பு சொன்னவங்க தோப்புக்கரணம் போடணும்.”

“நானா?”

“போடுங்கோ” என்றான் ஹ்ருஷிகேஷ்.

ஆறடி உயரம் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு இறங்கியது. இறங்கிய உயரத்தில் ஹ்ருஷிகேஷின் கண்ணுக்கு நேராக ஆசீர் சாரின் கண் வந்து நின்றது. உடனே எழுந்திருக்கவில்லை. முழங்கால் மட்டும் காரணமில்லை போலிருந்தது. அப்படியே குந்தியபடி சாக்பீஸை நீட்டினார்.

“நீயே போடு தம்பி.”

கரும்பலகை எட்டவில்லை. ஆசீர் சாரே தூக்கிப் பிடித்தார். பையன் மூக்குவரை ஒரு பாதம் இழுத்தான். கழுத்தைச் சாய்த்துப் பார்த்து, “இடப்பக்கம் கோணல்” என்று அழித்துவிட்டு இன்னொரு முறை போட்டான். வெள்ளைச் சட்டையெல்லாம் சாக்பீஸ் தூள்.

வெளியே போகும்போது ஆசீர் சார் மெதுவாகக் கேட்டார். “டீச்சர், பாதம் உண்டுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தினமும் வாசல்ல நாமம் போட்ட இருபது நெத்திக்கு நேராக் குனிஞ்சு பேசறேனே சார்.”

மத்தியானம் டி.வி. பெட்டி மட்டும் மாடியேறி யூ.கே.ஜி.க்குப் போயிற்று. வேறு ஸ்கூலைப் பற்றி வைஜயந்தி அப்புறம் வாயே திறக்கவில்லை. அன்று சாயங்காலம் பாலத்தில் டீச்சர் தலை எண்ணினார். இரண்டு முறை எண்ணினார், அவ்வளவு சந்தோஷம். அரவிந்தனுக்கு ஒரு ஸ்டார் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார், சட்டைப் பையின் மேலேயே.

மறுநாள் காலை. “குட் நைட் பிள்ளைங்களா!” தப்பு மிஸ், காதைப் பிடி, ஒரு தோப்புக்கரணம். நோட்டை விரித்து அட்டெண்டன்ஸ் எடுத்தார். ரிஃபானா சொன்னாள், அயான் சொன்னான், மாலினி சொன்னாள்.

“ஹ்ருஷிகேஷ்.”

நாலு மாதப் பழக்கம் சும்மா விடுமா? டீச்சரின் குரல் தானாகச் சின்னதாகி, உதடு ‘ப்ரெ’ வரை வந்துவிட்டது. சட்டென்று பேனா பிடித்த கையாலேயே தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டு, கடைசி வரிசையைப் பார்த்தபடி அப்படியே குந்தி உட்கார்ந்தார்.