டிராயரில் ஓர் இடம்

சேர்த்து வைத்திருக்கும் காசு ஒன்றை உறையிலிருந்து வெளியே எடுத்துவிட்டால் ஆர்லீன் ஷிமான்ஸ்கி வாய் திறக்க மாட்டார். தும்மல் வருகிற மாதிரி இருந்தால் நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிடுவார். போன் அடிக்கும், வாசல் மணி அடிக்கும், அடித்துவிட்டுப் போகட்டும். ஒரு துளி எச்சில் தெறித்தால் போதும், இன்று தெரியாது, பத்து வருஷம் கழித்து அதே இடத்தில் கறுப்புப் புள்ளியாக வந்து நிற்கும். வேலை பார்த்த காலம் முழுக்கப் பல் வைத்தியரின் உதவியாளராக இருந்து, ஒஹையோவின் டொலீடோ ஊரில் பாதிப் பேரை வாயைத் திறக்கச் சொன்னவர் அவர். வீட்டில் சட்டம் நேர் எதிர்.

இந்தச் சட்டத்தால் லாபம் அடைந்த ஒரே மனிதர் அவருடைய கணவர் நார்பர்ட். மனைவியின் விரல்களுக்கிடையே காசைப் பார்த்ததும் எங்கிருந்தாலும் வந்துவிடுவார்.

"மாடியில இருக்கற அந்தப் பழைய சோபாவத் தூக்கிப் போடப் போறேன். உனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லையே? ஒண்ணும் சொல்ல மாட்டேங்கற. அப்ப சரி."

ஆர்லீன் கண்ணாலேயே எரிப்பார். நார்பர்ட் சீட்டியடித்துக்கொண்டே போய்விடுவார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் ஜெயித்த விவாதங்கள் எல்லாமே இந்த வகையில் ஜெயித்தவைதான்.

ஆர்லீன் சேர்ப்பது அமெரிக்க நாணயச்சாலையின் செட்டுகளை மட்டும். ஒவ்வொரு வருஷமும் அடித்த காசுகளைக் கைபடாமல் உறையிலிட்டு அவர்களே விற்பது மின்ட் செட். அதே காசுகளை மெருகேற்றிய அச்சில் அழுத்தி அடித்து, முகம் பார்த்துப் பவுடர் போடலாம் போன்ற பளபளப்பில் விற்பது ப்ரூஃப் செட். அவரிடம் இரண்டும் உண்டு, வருஷம் தவறாமல். உள்ளறை அலமாரி முழுக்க அவைதான். நார்பர்ட்டின் குளிர்காலக் கோட்டுகள் கராஜில் தொங்குகின்றன.

இப்போது சிக்கல், நார்பர்ட்டின் இடுப்பு. மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தரைத்தளத்தில் இரண்டு அறை வீடு பார்த்தாகிவிட்டது, வசந்தத்தில் குடிபோக வேண்டும். அங்கே அலமாரி கிடையாது. மேஜைக்குக் கீழே ஒரு டிராயர் இருக்கிறது. அது உனக்கு என்று நார்பர்ட் பெருந்தன்மையாகச் சொன்னார். ஆர்லீன் அன்று சாப்பிடவில்லை.

மறுநாளிலிருந்து சாப்பாட்டு மேஜையில் மூன்று குவியல். வைத்துக்கொள்வது, விற்பது, பார்க்கலாம். முதல் வாரத்திலேயே மூன்றாவது குவியல் மற்ற இரண்டையும் விழுங்கிவிட்டது. தாறுமாறாகப் பிரித்தால் சரிப்படாது என்று அவர் ஒரு வழிமுறை கண்டுபிடித்தார். செட்டை விளக்கடியில் பார்ப்பது, மூடி வைப்பது, அடுக்களைக்குப் போய் ஒரு கப் காபி குடிப்பது. காபி முடியும்வரை அதன் ஞாபகம் வரவில்லை என்றால் விற்பனைக்கு. நல்ல முறைதான். ஆனால் அத்தனை காபி குடித்தால் ராத்திரி தூக்கம் எங்கே வரும்? விழித்துக்கொண்டு படுத்திருப்பார். மறந்துபோன செட்டுகள் எல்லாம் அப்போது ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வரும். காலையில் எழுந்து எல்லாவற்றையும் மறுபடி 'பார்க்கலாம்' குவியலுக்கே மாற்றுவார்.

போதாததற்கு வெண்டல். லாண்டரிக்குப் பக்கத்தில் நாணயக் கடை வைத்திருக்கிறார், நாணயம் சேர்ப்பவர்கள் மன்றத்தின் கூட்டம் எதையும் தவறவிடாதவர். எண்பதுகளின், தொண்ணூறுகளின் செட்டுகளை விற்றுவிடலாம், வெள்ளி கலந்த பழையவற்றை வைத்துக்கொள்ளலாம் என்று ஆர்லீன் ஆசையாகப் போன் செய்தார்.

"தொண்ணூறா?" என்றார் வெண்டல். "வாங்கின விலைக்கே ஒருத்தனும் சீந்த மாட்டேங்கறான். என் கடைக் கதவு சாத்திக்காம இருக்க அதத்தான் முட்டுக் குடுத்து வெச்சிருக்கேன். பழச எடுங்க ஆர்லீன், பழச."

ஆக, விற்க நினைத்ததை வாங்க ஆளில்லை, வாங்க வருகிறவருக்கு விற்க மனசில்லை. கடைசியில் வாங்க ஆளில்லாதவற்றைப் பேரப்பிள்ளைகளுக்குப் பிறந்த வருஷம் பார்த்துப் பங்கிட்டார். மிச்சத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு பாதியை வெண்டலுக்கு ஒதுக்கினார். மறுபாதியிலேயே டிராயர் ஏறக்குறைய நிறைந்தது. இன்னும் ஒரே ஒரு செட்டுக்கு இடம் இருந்தது. மேஜையில் இரண்டு மிஞ்சியிருந்தன.

ஒன்று 1950 ப்ரூஃப். இரண்டாம் உலக யுத்தத்தால் நிறுத்திவைத்த ப்ரூஃப் செட்டுகளை நாணயச்சாலை மறுபடி போட ஆரம்பித்த வருஷம். அரை டாலர் மேல் மூச்சு பட்டால்கூட அழுக்காகிவிடுமோ என்று பயம் வரும், அப்படி ஒரு சுத்தம். வெண்டல் இருபது வருஷமாக அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆர்லீனுக்கு அது உயிர்.

இன்னொன்று 1983. அந்த வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் நாணயச்சாலை மின்ட் செட்டே போடவில்லை. வரிசையில் ஓட்டை விழுந்தால் ஆர்லீன் தாங்குவாரா? தானே சேர்ப்பது என்று இறங்கினார். ஃபிலடெல்பியாவில் அடித்த காசு ஒஹையோ பேங்க்கிலேயே கிடைத்தது. டென்வரில் அடித்த, டி எழுத்துப் போட்ட காசுக்கு மேற்கே போக வேண்டும். அப்போது நார்பர்ட் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். போகிற ஊரிலெல்லாம் பேங்க்கில் வரிசையில் நின்று, புதுக் காசாகப் பொறுக்கி, காகித நாப்கினில் சுற்றிக் கொண்டுவந்தார். ஓரத்தைப் பிடி, முகத்தைத் தொடாதே என்று ஆர்லீன் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்த டி எழுத்துக் கால் டாலரில் சில வருஷம் கழித்து ஒரு கட்டைவிரல் ரேகை பழுப்பாக எழும்பி வந்தது. விரலின் ஈரம் உலோகத்தைத் தின்றால் அப்படித்தான் வரும். ஆர்லீன் லென்ஸை வைத்துப் பார்த்தார். ரேகைக்குக் குறுக்கே ஒரு கோடு. லாரிக் கதவில் நசுங்கிய நார்பர்ட்டின் கட்டைவிரல் தழும்பு. அதற்குக் கட்டுப் போட்டவரே ஆர்லீன்தானே. லென்ஸைக் கீழே வைத்தார். என்ன அது என்று நார்பர்ட் கேட்டதற்கு, "ஒமாஹா பேங்க்ல காசு எண்ணிக் குடுத்த தடியன் கை கழுவாதவன் போல" என்றார். அன்றிலிருந்து நார்பர்ட் அந்த முகம் தெரியாத மனிதரை வைதுகொண்டே இருக்கிறார். ஒமாஹா என்று தொலைக்காட்சியில் வந்தால்கூட அணைத்துவிடுவார்.

இரண்டில் எது என்று ஆர்லீன் முந்தின நாளே முடிவு கட்டியிருந்தார். 1950தான். கறை பட்ட காசுக்காக அதை விடுவது பைத்தியக்காரத்தனம்.

செவ்வாய்க்கிழமை வெண்டல் வந்தார். கிறிஸ்தவர்களின் லென்ட் நோன்புக்கு முந்தின நாள், அதனால் கையில் ஒரு பெட்டி பொன்ச்கி, போலந்துக்காரர்கள் அன்று தின்கிற, எண்ணெயில் பொரித்த இனிப்பு பன். தூள் சர்க்கரை பறக்கும் என்று ஆர்லீன் அதை வாசற்படியிலேயே பறிமுதல் செய்தார்.

"எண்பத்து மூணா? நெசமாவா?" ஆர்லீன் முன்னால் நகர்த்திய செட்டைப் பார்த்து வெண்டலின் கண் விரிந்தது. "செட்டு போடாததால புதுசா எவனும் எடுத்து வெக்கல. அந்தக் கால் டாலர் இப்ப கிடைக்கறதே இல்ல. திறங்க, திறங்க."

ஆர்லீன் பிளாஸ்டிக் சட்டத்தின் திருகுகளைக் கழற்றி, அந்தக் கால் டாலரை ஓரத்தில் பிடித்து எடுத்தார். வாய் தானாக மூடிக்கொண்டது. அந்த நேரம் பார்த்துத்தான் நார்பர்ட் கராஜிலிருந்து உள்ளே வந்தார், எதையோ சொல்லிச் சம்மதம் வாங்கிவிடும் உத்தேசத்தோடு.

வெண்டல் தன் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு லென்ஸோடு குனிந்தார். "அடப் பாவமே. கைரேகை. ஊறிப்போச்சு, என்ன பண்ணாலும் போகாது. யாரோ கட்டவிரல அப்பியிருக்காங்க."

ஆர்லீன் தலையை ஆட்டினார். போதும் என்று அர்த்தம். வெண்டல் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

"பெரிய விரல் வேற. குறுக்க ஒரு தழும்பு பாருங்க, நல்லா ஆழமா..."

மேஜைக்கடியில் ஆர்லீன் அவர் முழங்காலில் ஓர் உதை விட்டார். வெண்டல் மன்னிப்புக் கேட்டு நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார். காசைப் போட்டுவிட்டுக் கத்தலாம். ஆனால் ஆர்லீன் காசைக் கீழே போடுகிற பேர்வழி இல்லை. சட்டத்தின் குழியில் அதைச் சரியாக உட்காரவைக்க முயன்றார், அவசரத்தில் அது உட்கார மறுத்தது.

"நார்பர்ட், நீங்களே பாருங்களேன். இந்தப் பக்கத்துலேருந்து இந்தப் பக்கம் வரைக்கும்."

நார்பர்ட் லென்ஸை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார்.

காசு உட்கார்ந்தது. மூடியைப் பொருத்தியதும் ஆர்லீன் மூச்சு விட்டார். "ஒமாஹாக்காரனும் கை கழுவியிருக்க மாட்டான்."

"இவ்வளவு வருஷமா அவன ஏசிட்டு இருந்தேனே," என்றார் நார்பர்ட். குரல் சுருங்கியிருந்தது. "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா அடுத்த தடவ கொண்டுவர மாட்டே."

"குடுத்துடு அத. நான் கெடுத்தத எதுக்குக் கட்டிக்கிட்டு அழற? அந்த இடத்துல ஐம்பது இருக்கட்டும். அது உன் உசுரு."

ஆர்லீன் 1950 செட்டை எடுத்து ஒருமுறை விளக்கில் பார்த்தார், வெண்டலின் முன்னால் நகர்த்தினார்.

வெண்டல் அதைத் தொடவே பயந்தார். "இதுவா? நான் செத்தப்புறம் வந்து கேளுன்னு சொன்னீங்களே."

"எடுத்துக்கிட்டுக் கெளம்பு வெண்டல். இன்னொரு தடவ கேட்டா மனசு மாறிடும்."

வெண்டல் அதைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானும் போட்டுக்கொண்டு, பொன்ச்கியைக்கூட மறந்துவிட்டுப் போனார். ஆர்லீன் 1983 செட்டின் திருகுகளை இறுக்கி, டிராயரில் மிச்சமிருந்த இடத்தில் செருகினார்.

நார்பர்ட் இன்னும் அங்கேயே நின்று கட்டைவிரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார். ஆர்லீன் அந்தக் கையைப் பிடித்து விளக்கடிக்கு இழுத்தார். கட்டைவிரலை இரண்டு பக்கமும் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்து, லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு குனிந்தார்.