படித்துறைக்குப் போன மொரம்

கட்கியில் தொழிலாளர் குடியிருப்புக்கு மதில் எழுப்பினேன். விமான் நகரில் மாடிக் கட்டடம். ஹிஞ்சேவாடியில் வெறும் சேறாகக் கிடந்த இடத்தில் கம்பெனிக்கு ஷெட். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன், இந்த மராத்தி ஊருக்குக் கல் சுமக்க வந்தவன், அத்தனையும் செய்தேன். ஆனாலும் நான் கட்டாத ஒன்றுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த மழைக்காலத்தில் கட்கியில் ஆற்றோரச் சாலையில் ஒரு டேங்கர் கவிழ்ந்தது. கறுப்பு எண்ணெய் சாக்கடையில் இறங்கி ஆற்றைப் பார்த்து ஓடியது. மண்ணைக் கொட்டி மறிக்க வேண்டும். மண் லாரிகளோ பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டன. எண்ணெயைத் தடுக்க வந்த அதிகாரி சுற்றிப் பார்த்தார். பக்கத்தில் பேஷ்வா காலத்துப் படித்துறை. சுண்ணாம்பில் கட்டிய கருங்கல் சுவர், அதன் பின்னால் வேண்டிய மண். சுவரை இடித்து அள்ளச் சொல்லிவிட்டார்.

ஆடியில் எங்கள் ஜனம் மாரியம்மனுக்குக் கரகம் ஜோடிக்கிற துறை அது. அந்தக் கல்லைப் பெயர்த்தால் திரும்ப அதே மாதிரி அடுக்க ஆளில்லை. என்னாலேயே ஆகாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜேசிபிக்கு முன்னால் போய் நின்றேன்.

"டைம் நஹீ ஹை, சாச்சா" என்றார் அதிகாரி, நேரமில்லையாம். எண்ணெய் ஆற்றில் கலந்தால் கீழே இருக்கிற ஊர்களுக்குத் தண்ணீர் இல்லை என்றார். அதுவும் நியாயம்தான். கும்பிட்டேன். அடுத்த சந்தில் என் சொந்த வீடு அஸ்திவாரத்தோடு நிற்கிறது, உள்ளே சிவப்புச் சரளை, மொரம், நிரப்பி வைத்திருக்கிறேன், அதை எடுங்கள் என்று கெஞ்சினேன்.

அஸ்திவாரத்தின் ஒரு பக்கத்தை உடைத்தால்தான் ஜேசிபி உள்ளே போகும். என் வீட்டுக்காரி ஓடி வந்தாள்.

"இன்னா மனுசன்யா நீ? ஊரான் சுவருக்காவ உன் வூட்ட இடிக்கிற?"

"வூட்ட நான் கட்டிடுவேன். அத எவன் கட்டுவான்?"

"கட்டு, கட்டு. அதுவரிக்கும் புள்ளைங்கள உன் பெருமை மேல படுக்க வெக்கிறேன்."

கடைசி லோடு கொட்டுவதற்குள் எண்ணெய் மேற்படியைத் தொட்டுவிட்டது. போச்சு என்று உட்கார்ந்துவிட்டேன். அதற்குக் கீழே இறங்கவில்லை, மொரம் பிடித்துக்கொண்டது. மழையும் பிடித்துக்கொண்டது. பள்ளமாகிப் போன என் வீட்டில் தண்ணீர் நின்றது. ஒழுகுகிற வாடகை அறையில் பிள்ளைகளோடு கிடந்தோம்.

இப்போது துறையில் பலகை வைத்திருக்கிறார்கள். காப்பாற்றியவர்கள் என்று ஆபீசர்கள் பெயரெல்லாம் மராத்தியில் இருக்கிறது. ஜேசிபி முதலாளி பெயர்கூட இருக்கிறது. என் பெயர் எங்கே என்று கேட்டால் பலகையில் இனி இடமில்லையாம். பலகை வைத்தவர்களே, ஓரத்தில் பூ வரைந்திருக்கிறீர்களே, அதை அழியுங்கள். எந்த மொழியில் எழுதினாலும் சரி, இந்தச் சுவர் நிற்பது என் வீட்டு மண்ணால் என்று என் பெயரைப் போட்டு எழுதுங்கள். நான் உயிரோடு இருக்கும்போதே எழுதுங்கள்.