நார்த்தங்காய் ஜாடியில் கிடந்த பச்சைக் கல்

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். அதற்குப் பிறகு திருப்பூரில் பனியனுக்குப் பிசிர் வெட்டினேன், ஓசூரில் ஒரு விடுதியில் சப்பாத்தி தேய்த்தேன், மஸ்கட்டில் ஒரு வீட்டில் குழந்தை பார்த்துக்கொண்டேன். எந்த ஊரிலும் மூன்றாவது வருடம் தங்கியதில்லை. போகிற இடத்தில் எல்லாம் சமையலறைக்குள் நுழைந்ததும் ஊறுகாய் ஜாடியைத் திறந்து உள்ளே என்ன கிடக்கிறது என்று பார்ப்பேன். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். காரணத்தைச் சொன்னதில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு நான்கு. காரைக்கால் பக்கம் பூவத்தில் வாய்க்கால் ஓரமாக எங்கள் வீடு. அப்பா துறைமுகத்தில் நிலக்கரி லாரி ஓட்டினார். அம்மாவின் ஒரே தம்பியான என் மாமா ஐ.டி.ஐ. படித்துவிட்டு ஆப்பிரிக்காவில் ஒரு செம்புச் சுரங்கத்தில் பம்பு பார்க்கும் வேலையில் இருந்தார். அந்த நாட்டுக்கு ஒரு பெயர் உண்டு. மாமா சொல்லுவார், நாங்கள் ஆளுக்கு ஒரு விதமாகத் திருப்பிச் சொல்லுவோம், கடைசியில் எல்லோருக்கும் அது ஆப்பிரிக்கா என்றே நின்றுவிட்டது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாத லீவில் வருவார். அந்தத் தடவை வந்தபோது சாக்லேட்டுகளுக்கு நடுவே, சட்டையில் சுற்றி, ஒரு பச்சைக் கல் கொண்டுவந்தார்.

என் இரண்டு கைகளும் சேர்ந்தால்தான் பிடிக்க முடிகிற அளவு. தர்பூசணித் தோலில் இருக்குமே, அதுபோல வரிவரியாக இளம்பச்சையும் கரும்பச்சையும். அதை டிவிக்கு மேல் வைத்தோம்.

"இதுலேருந்துதான் செம்பு எடுக்குறாங்க" என்றார் மாமா.

பக்கத்து வீட்டு அத்தை நம்பவில்லை. "செம்பு பச்சையாவா இருக்கும்? ஒங்களை எவனோ நல்லா ஏமாத்திட்டான் தம்பி."

"கோயில் கலசத்தைப் பாருங்க. பச்சை புடிச்சிருக்குல்ல? அதே பச்சைதான் இது."

மாமா போனில் படம் காட்டினார். செம்மண் ரோடு, ரோட்டோரம் நீலச் சட்டை போட்ட பிள்ளைகள், புதிதாக வெள்ளையடித்த பள்ளிக்கூடம். கல்லை விற்று அந்த ஊரில் ரோடு போடுகிறார்கள், கரண்டு இழுக்கிறார்கள், இனி உலகத்தில் கரண்டில் ஓடுகிற ஒவ்வொரு வண்டிக்கும் அவர்கள் மண்ணிலிருந்துதான் செம்பு போகப்போகிறது, இன்னும் கொஞ்ச காலத்தில் நாம் அவர்களிடம் வேலை கேட்டு நிற்போம் என்றார்.

"இப்பவும் நீ அங்கதானே மாப்ள நிக்கிறே" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தோம்.

"கல்லை யாரு மாமா குடுத்தா?" என்று நான் கேட்டேன்.

"அங்க ஒரு பையனோட அப்பா. ஒரு நாளு அவங்களை வண்டியில ஏத்திக்கிட்டுப் போனேன்."

ஒரு வண்டி சவாரிக்கு இத்தனை அழகான கல்லா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மாமா டிவியின் சத்தத்தைக் கூட்டிவிட்டார். ஒரு வாரம் தெருவே வந்து கல்லைப் பார்த்தது. பிறகு அது டிவிக்குப் பின்னால் போய்விட்டது.

அது நார்த்தங்காய்ப் பருவம். அம்மா காயைச் சுருள் சுருளாக அரிந்து, உப்பும் மஞ்சளும் போட்டு ஜாடியில் ஊறவைப்பாள். காலையில் சுருள்களை எடுத்து மாடியில் காயவைப்பதும் சாயங்காலம் திரும்ப அந்த உப்புத் தண்ணீருக்குள் போடுவதும் என் வேலை. சுருள்கள் மேலே மிதக்காமல் இருக்க ஒரு கருங்கல்லை மேலே வைத்து அழுத்துவோம். வருடாவருடம் அதே கல். ஒரு மத்தியானம் அதை எடுத்துக்கொண்டுபோய் வாதாங்கொட்டை உடைத்தேன். கொட்டை உடையவில்லை, கல் இரண்டாகப் பிளந்துவிட்டது. துண்டுகளை வாய்க்காலில் எறிந்துவிட்டு வந்தேன். அம்மாவின் கை கனமான கை. சாயங்காலம் வேறு கல் தேடியபோது, பளபளப்பாக, கனமாக, யாருக்கும் தேவைப்படாமல் ஒன்று டிவிக்குப் பின்னால் இருந்தது. அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி ஜாடிக்குள் இறக்கினேன்.

மறுநாள் காலை மூடியைத் திறந்தபோது கல்லைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழிகள் எழும்பிக்கொண்டிருந்தன. காதை வைத்துக் கேட்டேன். சன்னமாக ஒரு இரைச்சல். கல் மூச்சுவிடுகிறது என்று நினைத்தேன். மூடியைப் போட்டுவிட்டு ஓடிவந்தேன். அன்றிலிருந்து சுருள்களை எடுக்கும்போது கண்ணை மூடிக்கொள்வேன். மூன்றாம் நாள் தண்ணீரின் மஞ்சள் போய் ஒரு மாதிரிப் பச்சை வந்திருந்தது. அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே மாடியில் காய்ந்த சுருள்களைப் பார்த்துவிட்டு, "இந்த வருசம் காய் கறுக்கவே இல்ல பாரு, மரத்துல இருக்குற மாதிரியே இருக்கு" என்று அத்தையிடம் பெருமை அடித்துக்கொண்டாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பா லாரியோடு போய்விட்டார். மாமா மீன் வாங்கக் கோட்டுச்சேரிமேட்டுக்குக் கிளம்பினார். தம்பி முதல் நாள் கல்யாண வீட்டில் எதையோ அதிகமாகத் தின்றுவிட்டு, காலையில் ஒருமுறை வாந்தி எடுத்தான். எங்கள் பக்கத்தில் வாந்திக்கு நார்த்தங்காய்தான் மருந்து. ஆஸ்பத்திரி எல்லாம் அதற்குப் பிறகு. அம்மா ஜாடியைச் சாய்த்து அரை டம்ளர் உப்புத் தண்ணீர் வடித்து, வெந்நீர் கலந்து கொடுத்தாள்.

"காசு மாதிரி இருக்கும்மா" என்றான் தம்பி. காசை வாயில் போட்டுக்கொள்ளும் பழக்கம் அவனுக்கு உண்டு. அந்த ருசி அவனுக்குத் தெரியும்.

"மருந்துன்னா அப்புடித்தான் இருக்கும். குடி."

கொஞ்ச நேரத்தில் மறுபடி எடுத்தான். மறுபடி கொடுத்தாள். அதற்கடுத்து அவன் எடுத்தது பச்சையாக இருந்தது. அத்தை வேலியைத் தாண்டி வந்து பார்த்தாள். "பச்சையா வந்தா பித்தம்தான். நார்த்தங்கா தண்ணி இன்னும் ரெண்டு மடக்கு குடு. அடங்கிரும்."

அவர்கள் கொடுக்கக் கொடுக்க அவன் எடுத்தான். அவன் எடுக்க எடுக்க அவர்கள் கொடுத்தார்கள். தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். பிறகு அழுவதையும் நிறுத்திவிட்டான். அவன் அழுதவரை எனக்கு இருந்த பயம் அடிவாங்குகிற பயம். அழுகை நின்றதும் வந்தது வேறு. சமையலறைக்குப் போய், ஜாடிக்குள் கையை விட்டுக் கல்லை எடுத்தேன். வைத்தபோது இருந்ததைவிட வரிகள் தெளிவாக, ஈரமாக, இப்போதுதான் தூங்கி எழுந்ததுபோல இருந்தது. அதைப் பாவாடைக்குள் சுருட்டிக்கொண்டு கொல்லைப் பக்கம் கிளம்பினேன். வாய்க்காலில் போட்டுவிட்டால் தம்பிக்குச் சரியாகிவிடும் என்று நிஜமாகவே நம்பினேன்.

வாசலில் பைக் வந்து நின்ற சத்தம் கேட்டது. மாமா மீன் பையோடு உள்ளே வந்தவர் தரையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்னாக்கா இது?"

"பித்தம்டா. காலையிலேருந்து எடுக்குறான்."

"இது பித்தத்தோட கலரு இல்லக்கா."

"ஆமா, இவரு ஆப்பிரிக்காவுல டாக்டருக்குப் படிச்சாரு" என்றாள் அத்தை. "தள்ளுங்க தம்பி, புள்ளைக்கு ஒரு மடக்கு ஊத்தணும்."

மாமா அவள் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நாக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்துத் துப்பினார். அவர் முகத்தை அதற்கு முன்பும் பின்பும் நான் அப்படிப் பார்த்ததில்லை. மீன் பை கைநழுவிக் கீழே விழுந்தது.

"இந்தத் தண்ணி எதுலேருந்து எடுத்தீங்க?"

அவர் ஜாடிப் பக்கம் திரும்பியபோது நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

"கையக் காட்டு பாப்பா."

விரல் நகங்களுக்குள் பச்சை ஏறியிருந்தது. பாவாடையிலிருந்து கல் நழுவித் தரையில் உருண்டது.

"கழுவிட்டுத்தான் மாமா போட்டேன்" என்றேன். "சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் போட்டேன்."

அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. "எத்தனை நாளாச்சு? எத்தனை டம்ளரு குடிச்சான்? கடைசியா எப்ப மூத்திரம் போனான்?" என்று எங்கள் மூவரையும் மாறி மாறிக் கேட்டார். அம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. பித்தளைப் பாத்திரத்தில் புளி வைத்தால் களிம்பு ஏறும் என்று ஈயம் பூசாத எதையும் அடுப்பில் ஏற்றாதவள் அவள். பாத்திரத்துக்குத் தெரிந்ததைக் கல்லுக்கு யோசிக்க யாருக்கும் தோன்றவில்லை. தலையில் அடித்துக்கொண்டு தம்பியை வாரித் தூக்கினாள்.

"ஜாடியையும் எடுங்க" என்றார் மாமா.

"புள்ள கெடக்குற கெடையில ஜாடியக் கேக்குறியேடா!"

"என்னா குடிச்சான்னு தெரியாம அவங்க எதைக்கா பாப்பாங்க? ஜாடி வரணும்."

பைக்கில் மாமாவுக்கு முன்னால் டேங்க் மேல் நான், பின்னால் அம்மா மடியில் தம்பி. என் மடியில் வாயைத் துணியால் கட்டிய ஜாடி. காரைக்கால் போகிற வரை அது என் வயிற்றோடு குளிர்ந்துகொண்டே வந்தது. கோட்டுச்சேரி கடைத்தெருவில் ஒரு பஸ்ஸும் டிராக்டரும் எதிரெதிரே மாட்டிக்கொண்டு நின்றன. மாமா ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவே என் தலைக்கு மேல் அவர் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது கேட்டது. "இந்தத் தடவை நேரமாகாது. இந்தத் தடவை நேரமாகாது." அம்மா பின்னாலிருந்து தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவன் பதில் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்பதற்கு முன்பே மாமா ஜாடியை மேஜைமேல் வைத்தார். "செம்புங்க. எங்க வேலையே அதானுங்க. இந்தக் கல்லைப் பொடிச்சு, ஆசிட் ஊத்திக் கரைச்சுத்தான் செம்பு எடுக்குறோம். இங்க நார்த்தங்காப் புளிப்பே அந்த வேலையச் செஞ்சிருச்சு." அவர்கள் தம்பியை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியது. அம்மா என்னைத் திட்டவில்லை, பார்க்கவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

தம்பி பிழைத்துக்கொண்டான். சில நாள் வார்டில் வைத்திருந்தார்கள். தினமும் விடிந்ததும் மாமா அவன் கண் இமையைக் கீழே இழுத்து மஞ்சள் தெரிகிறதா என்று பார்ப்பார். மூத்திரப் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பார். "நீங்களே ரவுண்ட்ஸ் வந்துருங்க, டாக்டருக்கு லீவு குடுத்துரலாம்" என்று ஒரு நர்ஸ் கேலி செய்தாள். என் மாமாவுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று எனக்கு அந்தப் பயத்திலும் பெருமையாக இருந்தது.

வீடு திரும்பிய பிறகு மாமா ஜாடியைத் தூக்கிக்கொண்டு கொல்லையில் நின்றார். வாய்க்கால் பக்கம் போனார், திரும்பினார். தென்னை மரத்தடிக்குப் போனார். கைப்பம்பைப் பார்த்துவிட்டு அங்கிருந்தும் திரும்பினார்.

"கொட்டிட்டு வாயேண்டா" என்றாள் அம்மா.

"எங்கக்கா கொட்டுறது?"

ஒரு ஜாடித் தண்ணீருக்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்ட மனிதரை நான் பார்த்ததில்லை. கடைசியில் ஒரு கை சிமெண்டைக் குழைத்து ஜாடியின் வாயை அடைத்து, சுவரோரம் வைத்துவிட்டார். இன்றும் அது அங்கேதான் இருக்கிறது. வீட்டை இரண்டு முறை இடித்துக் கட்டினோம், அதை யாரும் தொடவில்லை.

லீவு முடிந்து போகும்போது கல்லைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். இரண்டே மாதத்தில் அவரும் திரும்பி வந்துவிட்டார். வேலை போய்விட்டது. நான் கல்லைக் கெடுத்ததால்தான் அவரைத் துரத்திவிட்டார்கள் என்று நினைத்தேன். யாராவது அதைப் பற்றிக் கேட்டுவிடுவார்களோ என்று அவர் இருக்கும் அறைக்குப் பல நாள் போகவே இல்லை.

அப்பா வாசலில் உட்கார்ந்து அவரைக் கடிந்துகொண்டது மட்டும் கேட்டது. "அந்த ஊருக்குத் தண்ணிக் குழாய் போடுன்னு நீ எதுக்கு மாப்ள கம்பெனிகிட்ட கேட்டே? அது ஒன் ஊரா?"

"ரோடு போட்டாங்க, பள்ளிக்கூடம் கட்டுனாங்க. நல்லாத்தான் கட்டுனாங்க மச்சான், இல்லன்னு சொல்லல. கல்லு என்னிக்காவது தீர்ந்துரும். புள்ளைங்க குடிக்கிற ஓடையும் ஆசிட் கலந்து கெட்டுப்போச்சுன்னா அந்தப் பள்ளிக்கூடத்துல ஒக்காந்து படிக்க யாரு இருப்பா?"

அப்பா பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். மாமா பிறகு காரைக்காலில் ஒரு மோட்டார் ரிப்பேர்க் கடையில் சேர்ந்தார். கல் எங்கே என்று கேட்டதற்கு, கொடுத்த அந்தப் பையனின் அப்பாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

பைக்கில் அவர் முணுமுணுத்த அந்த 'இந்தத் தடவை' மட்டும் எனக்கு அன்று பிடிபடவே இல்லை. தம்பி அதற்கு முன்பு ஆஸ்பத்திரி வாசலையே மிதித்ததில்லை. மாமா பயத்தில் உளறுகிறார் என்று நினைத்தேன். பெரியவர்களுக்கும் பயம் வந்தால் புத்தி தடுமாறும் போலிருக்கிறது என்று, ஜாடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தேன்.