நாலு தண்ணி

போன ஞாயிற்றுக்கிழமை காட்டுப்பாக்கம் மீன்கடையில் நின்றிருந்தேன். இப்போதெல்லாம் மீன் ஐஸ் பெட்டியில் எங்கிருந்தோ வருகிறது, ஆந்திரா என்கிறார்கள். எனக்கு முன்னால் நின்ற அம்மாளிடம் கடைக்காரர், "கழுவிக் குடுக்கட்டா?" என்று கேட்டார். "வோணாம்பா, ஊட்ல நானே நாலு தண்ணி கழுவிக்கறேன்" என்றது குரல். முகத்தைப் பார்க்காமலே தெரிந்துவிட்டது, சேவியரின் மனைவி ஸ்டெல்லா. பைக்குள் எதையோ தேடுகிறவன் மாதிரி குனிந்துகொண்டேன்.

சேவியரைப் பற்றி உங்களிடம் சொன்னதில்லை. பெருமையாகச் சொல்கிற கதையா அது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருவேற்காட்டுப் பக்கம் ஒரு பிளேட்டிங் பட்டறையில் இருந்தேன். சைக்கிள் ஹேண்டில்பாருக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நிக்கல் ஏற்றுவோம். நிக்கலும் அமிலமும் கலந்த மருந்துத் தொட்டியிலிருந்து எடுத்ததை வரிசையாக மூன்று தொட்டிகளில் அலச வேண்டும். முதல் தண்ணி, ரெண்டாம் தண்ணி, மூணாம் தண்ணி. என் வேலை அந்த அலசல்தான். யாராவது கேட்டால் 'கெமிக்கல் லைன்' என்பேன். அலசுகிறேன் என்றால் எவன் பெண் கொடுப்பான்? அங்கே ஒரு நெடி இருக்கும், செப்புக்காசை நாக்கில் வைத்த மாதிரி. எத்தனை சோப்பு போட்டாலும் போகாது.

சேவியர் சைக்கிள் கடை வைத்திருந்தான். ஹேண்டில்பார் கொண்டுவந்து கொடுத்துப் பழக்கம், அப்படியே சிநேகம். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இரண்டு பேரும் தூண்டிலோடு கூவத்துக்குப் போவோம். ஆமாம், கூவம்தான். சிரிக்காதீர்கள். அங்கே அப்போது தண்ணீரில் முகம் தெரியும். குறுக்கே ஆள் உயரத்துக்கு ஒரு தடுப்புச் சுவர். சேவியர் அதை 'டேம்' என்றுதான் சொல்வான். அதன் மேல் வழிந்து விழுகிற தண்ணீர் கீழே ஒரு மடுவாக நிற்கும். மார்கழியில் இறங்கினால் முட்டிக்குக் கீழே கால் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். சேவியர் கையை விட்டுப் பார்த்து, "ஜில்லுனு கீது மச்சான். கெளுத்தி அடில படுத்துகினு கீது" என்பான். சொன்ன இடத்தில் கெளுத்தி இருக்கும். என் முள் மீனில் மாட்டியதைவிட என் சட்டையில் மாட்டியதுதான் அதிகம். வீட்டில் என் மானம் போகக் கூடாது என்று அவன் பிடித்ததில் பாதியை எனக்குத் தருவான்.

அது கார்த்திகை. வாரம் முழுக்க மழை. சனிக்கிழமை சாயங்காலம் முதலாளி, "இந்த மயைல தொட்டிய தொறந்து வுட்றா, அடிச்சிகினு போய்டும்" என்றார். மூன்று அலசல் தொட்டியோடு பழைய மருந்துத் தொட்டியின் அடைப்பையும் பிடுங்கினேன். பட்டறைக்குப் பின்னால் ஓடிய வாய்க்கால் டேமுக்கு மேலேதான் ஆற்றில் சேர்ந்தது. எனக்குத் தெரியும். தூண்டிலைத் தோளில் போட்டுக்கொண்டு அதன் கரையோரமாகத்தான் வாராவாரம் நடப்பேன். ஆனாலும் அது பட்டறைத் தண்ணி, இது ஆற்றுத் தண்ணி என்றுதான் மனசுக்குள் இருந்தது.

மறுநாள் தூறல். எங்கள் இரண்டு பேரைத் தவிர ஆற்றில் ஈ காக்கை இல்லை. சுவருக்குக் கீழே மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. விரால், கெண்டை, கெளுத்தி எல்லாம்.

"ஏத்து மீன் மச்சான்" என்றான் சேவியர். புதுத் தண்ணீர் வந்தால் மீன் அதை எதிர்த்து மேலே ஏறும், அதுதான் ஏத்து மீன். தூண்டிலை ஓரமாகப் போட்டுவிட்டுத் தண்ணீரில் துண்டை விரித்தான். மீன்கள் கைக்கே வந்தன. குனிந்தபோது எனக்கு அந்த நெடி அடித்தது, செப்புக்காசு நெடி.

"வோணாம்டா, வா போலாம்" என்றேன்.

"இன்னாடா வோணாம்? பாப்பாக்கு வெரால்னா உசுரு."

ஏன் வேண்டாம் என்று கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். இவ்வளவு மழைத் தண்ணீரில் என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு என் பங்கையும் வாங்கிக்கொண்டேன். வரும் வழியில் அதை முள்ளுப் புதருக்குள் கொட்டினேன். என் அம்மாவுக்குக் கொடுக்கத் துணியாத மீனை அவன் குழந்தைக்கு விட்டுவிட்டு வந்தேன். இதை எப்படித் திருப்பிப் போட்டுச் சொன்னாலும் இப்படித்தான் வருகிறது.

திங்கட்கிழமை மத்தியானம் பட்டறைக்கே வந்துவிட்டான். சட்டையெல்லாம் கசங்கி, கண் உள்ளே போயிருந்தது. "மூணு பேருக்கும் வாந்தி மச்சான். பாப்பாக்கு டிரிப் ஏத்திகினு கீறாங்கோ. உன் ஊட்ல சாப்டீங்களா? ஒண்ணும் ஆவலியா?"

முதலாளி அறைக்குள் இருந்தார். என் கை இரண்டாம் தண்ணியில் இருந்தது.

"சாப்ட்டோமே. ஒண்ணும் ஆவலியே."

"அப்போ ஸ்டெல்லாதான் சரியா கழுவல" என்று சொல்லிவிட்டுப் போனான்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. அப்பாடா என்று நானும் பெருமூச்சு விட்டேன், வெட்கமில்லாமல். அடுத்த வருடம் வேலையை விட்டேன். அவன் தெருப் பக்கம் போவதையும் விட்டேன்.

மீன்கடையில் குனிந்து என்ன பிரயோசனம். ஸ்டெல்லா என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். சேவியர் போய்ச் சேர்ந்து மூன்று வருடம் என்றாள். மாரடைப்பாம்.

"சாவுற வரிக்கும் நான் வச்ச மீனை அவரு தொடலண்ணே. எதுக்கு சண்டை வந்தாலும் அந்தக் கொயம்புலதான் வந்து நிக்கும். எம் பொண்ணையே கொல்லப் பாத்தவளாம். நான் அன்னிக்கும் நாலு தண்ணி கழுவினேண்ணே. கர்த்தருக்குத் தெரியும்."

கர்த்தருக்கு அடுத்தபடியாகத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். பட்டறை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. டேமின் சுவர் இருக்கிறது; அதன் மேல் வழிவது கறுப்பாக நுரைத்துக்கொண்டு வழிகிறது, மூக்கைப் பொத்தாமல் யாரும் பாலத்தைத் தாண்டுவதில்லை. ஏத்து மீன் என்றால் என் பிள்ளைகளுக்கு என்னவென்று தெரியாது. மன்னிப்புக் கேட்க சேவியரும் இல்லை. எதிரில் ஸ்டெல்லா மட்டும் நின்றுகொண்டு, நான் ஏதாவது சொல்வேன் என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உடம்பைப் பாத்துக்கம்மா" என்றேன்.