ஜார்ஜ் மகன் வாட்சன்

வாட்சன் என்றால் வாட்டின் மகன் என்று எங்கோ படித்திருந்தேன். அதை நம்பி, என்னோடு ஊர் சுற்றும் ஆங்கிலேய நண்பரிடம் "உங்கள் அப்பா வாட் நலமா?" என்று புதுக்கோட்டையிலேயே கேட்டும் வைத்தேன். அவருடைய அப்பா பெயர் ஜார்ஜாம்.

இப்போது அறந்தாங்கி பஸ் நிலையம். கோட்டைப்பட்டினம் பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது. தண்ணீர் பாட்டிலோடு திரும்பி வந்து பார்க்கிறேன், வாட்சனின் சீட் காலி. அவர் போன் என் பையில் இருக்கிறது. மனதுக்குள் யாரோ அவரைக் கடத்திப் படகில் ஏற்ற, தூதரகத்துக்கு நான் பதிலும் சொல்லிவிட்டு, அறிவிப்பு செய்யும் மைக் அறைக்கு ஓடுகிறேன்.

"வெள்ளைக்காரருங்க, பேரு வாட்சன். சீக்கிரம் கூப்பிடுங்க."

"யாரு மகன்னு சொல்லுங்க," என்கிறார் மைக் பிடிக்கும் காதர் பாய். "அது இல்லாம நான் யாரையும் கூப்பிடுறதில்ல."

"பேருலயே இருக்கு பாய். வாட் மகன்."

"அப்ப அவுக அத்தா பேரு வாட்டா?"

"இல்ல, ஜார்ஜ். வாட்ங்கிறது வால்டருக்குச் செல்லப் பேரு. எத்தனையோ தலைமுறைக்கு முந்தி இருந்த ஆளு."

"ஜார்ஜு பெத்து வளத்த புள்ள, வால்டர் மகன்னு சொல்லிக்கிட்டுத் திரியிதா? ஜார்ஜு கோவிச்சுக்க மாட்டாரா?"

"அந்த ஜார்ஜும் வாட்சன்தாங்க!"

காதர் பாய் மைக்கைக் கீழே வைக்கிறார். "அப்ப அத்தாவும் மகனும் அண்ணன் தம்பியா?"

நான் தலையில் அடித்துக்கொள்ளும்போது பஸ் கிளம்பிப் போகிறது. பின் சீட்டு ஜன்னலில் காற்று வாங்கியபடி வாட்சன் எனக்குக் கையசைக்கிறார்.