காயத்தோடு ஒட்டிய துணி

1987ஆம் ஆண்டு மாசி மாதம் என் கணவர் அந்தோனியின் இடது கால் கொதி எண்ணெயில் வெந்துபோனது. பாரிசில் ஓர் உணவகக் குசினியில் அவர் சமையல் வேலை செய்தார். எண்ணெய்ச் சட்டியைத் தூக்கும்போது கால் வழுக்கிவிட்டது. முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து தொங்கியது. முதலாளி கொஞ்சம் களிம்பும் கட்டுத்துணியும் வாங்கிக் கொடுத்து, ஆஸ்பத்திரிக்குப் போனால் கேள்வி கேட்பார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். வேலை செய்வதற்கான அனுமதிக் கடதாசி என் கணவரிடம் அப்போது இல்லை. பயந்துபோய் வீட்டிலேயே இருந்துவிட்டோம்.

பாரிசின் லா ஷப்பல் பகுதியில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு மேல்மாடி அறைதான் எங்கள் வீடு. கட்டு மாற்றுவது என் பொறுப்பு. காயம் காய்ந்தால்தான் ஆறும் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அதனால் உலர்ந்த துணியைச் சுற்றி, ஹீட்டருக்குப் பக்கத்தில் காலை நீட்டவைத்தேன். காலையில் பார்த்தால் துணி காயத்தோடு ஒட்டி விறைத்திருக்கும். இழுத்தால் இரத்தம் வரும். சத்தம் வெளியே கேட்டால் பொலிஸ் வந்துவிடும் என்று அவர் துவாயைக் கடித்துக்கொள்வார். அவருடைய கண்ணீர் தலையணையில் வடியும். நான் இழுப்பேன்.

நாள் போகப் போகக் காயம் பெரிதாகியது. நாற்றம் எடுத்தது. காலை வெட்டவேண்டி வருமோ என்று பயந்தேன். செபமாலை சொன்னேன். பாதியில் வார்த்தைகள் மறந்துபோயின.

அன்று ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் துணியின் ஓரத்தைப் பிடித்ததும் அவர் என் கையைப் பற்றிக்கொண்டார்.

"இண்டைக்கு வேண்டாமப்பா. என்னாலை ஏலாது."

"எனக்கும் ஏலாது. ஆனா விட்டா அழுகிப் போகுமெல்லோ?"

முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, எனக்கு ஒண்டும் தெரியேல்லை. ஆரையாவது அனுப்பும்" என்று மட்டும் சொன்னேன். பிறகு இழுத்தேன். துவாய் அவர் வாயிலிருந்து நழுவியது. அவர் போட்ட அலறலில் பாதி கழன்ற துணியை அப்படியே விட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. பொலிஸ் என்றே நினைத்தேன். மூச்சுக் காட்டாமல் நின்றேன்.

"கதவத் தொறம்மா. கீழ் வீட்டுக்கு வந்திருக்கேன், தமிழ்தான். யாரு அப்படிக் கத்துனது?"

கதவைத் திறந்தேன். வந்தவர் பாண்டிச்சேரி அம்மா ஒருவர். பெயர் ரெஜினா. ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்து ஓய்வுபெற்றவர். பூசை முடிந்து, கீழ் வீட்டில் இருக்கும் தன் தோழியைப் பார்க்க வந்திருக்கிறார். காலைப் பார்த்ததும், மிச்சத் துணியைப் பிடிக்கப் போன என் கையை மெதுவாக விலக்கினார்.

"இழுக்காதம்மா. காஞ்ச துணியோட புதுத் தோலும் பிஞ்சு வருது பாரு."

கொதித்து ஆறிய உப்புத்தண்ணீரால் துணியை நனைத்து நனைத்து ஊறவைத்தார். அது தானாகக் கழன்றது. என் கணவர் கத்தவில்லை. நான்தான் சுவரில் சாய்ந்து விக்கி விக்கி அழுதேன்.

அன்றைக்கே எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் பிரெஞ்சில் பேசினார். யாரும் எங்களைப் பிடித்துக் கொடுக்கவில்லை. காயத்தைச் சுத்தம் செய்து, கொழுப்பு மருந்து ஊறிய வலைத்துணியை வைத்துக் கட்டினார்கள். அது ஒட்டவில்லை. காயம் ஈரப்பதமாக இருந்தால்தான் புதுத் தோல் அதன்மேல் பரவும் என்று டாக்டர் விளக்கினார். கிருமி பிடித்திருந்ததால் மருந்தும் கொடுத்தார். கால் தப்புமா என்று கேட்டேன். பார்ப்போம் என்றார். அந்த ஒரு சொல்லோடு பல நாட்கள் தூக்கமில்லாமல் கிடந்தோம்.

ஒருநாள் கட்டை அவிழ்த்தபோது காயத்தின் ஓரத்தில் மெல்லிய இளஞ்சிவப்புக் கோடு தெரிந்தது. "தோல் வருதும்மா" என்றார் ரெஜினா அம்மா. உயிர்த்த ஞாயிறு முடிந்து சில வாரங்களில் என் கணவர் கோயிலுக்கு நடந்தே வந்தார்.

இப்போது எங்கள் பகுதியில் யாராவது நோய், வருத்தம் என்று படுத்தால் நாங்கள் இருவரும் போய்ப் பார்க்கிறோம். டாக்டரிடம் போகப் பயப்படுகிறவர்களோடு கூடவே போகிறோம். அன்பானவர்களே, அன்று நான் செபித்தது அழகான செபம் அல்ல. ஒன்றும் தெரியாதவளின் புலம்பல்தான் அது. அதையும் ஆண்டவர் கேட்டார். உங்கள் கை ஓய்ந்துபோகும்போது அவரிடம் அப்படியே சொல்லுங்கள். அவர் கேட்பார்.